பத்தொன்பது புள்ளி எட்டு ஏழு

எங்கள் துறைமுக ஊர் குவாயாகிலில் யார் வீட்டுக் கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வருஷம் யார் கொடி தூக்கினாள் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்து வருஷ மார்க்கையும் கூட்டி வகுத்து, இருபதுக்கு யாருக்கு அதிகமோ அவள் கையில்தான் ஆறாம் வருஷம் தேசியக் கொடி. மற்ற பிள்ளைகள் வரிசையாக வந்து, அவள் பிடித்திருக்கும் கொடியின் முன்னால் முழங்காலிட்டு முத்தமிட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். அந்தப் போட்டோவை முன்னறையில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்கள். நூறில் ஒரு பங்கு மார்க்குக்காக டாக்டர் வீட்டு அம்மாக்கள் ஆபீஸ் வாசலில் மயிரைப் பிடித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் தொண்ணூற்றொன்று செப்டம்பரை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

பள்ளிக்கூடத்தின் பெயர் உப்போடை மாதா கன்னியர் உயர்நிலைப் பள்ளி. கப்பலில் வந்த நாலு கன்னியாஸ்திரீகளுக்குக் கோக்கோ தோட்டக்காரர் ஒருவரின் விதவை இடம் கொடுத்தாள். முதலில் மரக் கட்டடம். அது தீப்பிடித்து எரிந்தது, பிறகு சிமெண்டில் கட்டினார்கள். அந்த மகராசி உயில் எழுதும்போது, வருஷத்துக்கு நாற்பது ஏழைப் பெண்களுக்கு இனாமாகப் படிப்புச் சொல்லித்தர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். மீற முடியவில்லை. ஆனால் நாற்பது பேரும் பெரிய தெரு வாசலில் வரக் கூடாது, பின் சந்தில் ஒரு கதவு. அவர்களுக்கு வேறு சீருடை, வேறு மணி, வேறு ரிஜிஸ்டர். அந்தப் பிரிவுக்கு 'சாந்தா மார்த்தா' என்று பெயர். மார்த்தா யார்? ஆண்டவர் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் வேலை பார்த்தவள். பெயர் வைக்கும்போதே நம்மை எங்கே உட்கார வைக்கிறார்கள் பாருங்கள்.

நானும் அந்தச் சந்துக் கதவில் போய் வந்தவள்தான். மூன்று வருஷம் படித்தேன், தையல் நன்றாக வந்தது, "உனக்கு இது போதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு பக்கத்துச் சீருடையும் நான்தான் தைக்கிறேன். பெரிய வாசலுக்கு நீலத்தில் பன்னிரண்டு மடிப்பு, சந்துக்குச் சாம்பல் நிறத்தில் நாலு மடிப்பு.

யாதீரா என் ஞானப்பிள்ளை; ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தியவள் நான், அதனால் ஞானம்மா என்பாள். எதிர் வீடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைப் பாதை, அதற்கடியில் உப்போடை. அவள் அம்மா ஆவுரிஸ்தேலா இருபத்திரண்டு வருஷமாகக் கன்னியர் மடத்துக்குத் துணி வெளுத்து இஸ்திரி போடுகிறவள். முக்காடு, பீடத் துணி, பூசைத் துண்டு எல்லாம் அவள் கைதான். மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி அவள் போடுகிற இஸ்திரிக்கு இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அப்பன் வெலிங்டன் துறைமுகத்தில் வாழைப்பழப் பெட்டி ஏற்றுகிறவன். வாய் பெரிசு, மனசும் பெரிசு.

மூன்று வருஷம் சாந்தா மார்த்தாவில் படித்தாள் யாதீரா. பிறகு கல்வித்துறை உத்தரவு வந்து, நாலாம் வருஷத்திலிருந்து இரண்டு பிரிவையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். அந்த வருஷமே நீலப் பாவாடைகளுக்கெல்லாம் தலைசுற்றல் வந்துவிட்டது. முதல் மார்க் இவள். அடுத்த வருஷமும் இவள்தான்.

ஆகஸ்ட் கடைசியில் போர்டில் சராசரி ஒட்டினார்கள். முதல் பெயர் கிமி தொமாலா யாதீரா, பத்தொன்பது புள்ளி எட்டு ஏழு. இரண்டாவது எஸ்கூதெரோ மரியா ஆகஸ்டா, பத்தொன்பது புள்ளி எட்டு நாலு. அந்தப் பெண்ணின் அப்பா இறால் பண்ணைக்காரர். பள்ளி விளையாட்டு அரங்குக்குக் கூரை போட்டுக்கொடுத்த மனுஷன்.

அன்றைக்கு எங்கள் பலகைப் பாதை முழுக்கச் சிரிப்புதான். வெலிங்டன் ஒரு பெரிய சூரை மீனை வாங்கி வந்தான். ஆவுரிஸ்தேலா மரவள்ளிக் கிழங்கும் வெங்காயமும் போட்டுக் குழம்பு வைத்துத் தெருவுக்கே ஊற்றினாள்.

"ஏ யாதீரா, கிமின்னு ஒரு மீன்காரக் குடும்பப் பேரு ஜனாதிபதி கொடியப் பிடிக்கப்போவுது! உங்க தாத்தன் கேட்டிருந்தா கட்டுமரத்துல இருந்து கடல்ல விழுந்திருப்பான்" என்றான் வெலிங்டன்.

"ஜனாதிபதி கொடி இல்லப்பா, தேசியக் கொடி."

"எல்லாம் ஒண்ணுதான், நீ தின்னு. அந்தக் கம்பு கனக்குமாம்ல?"

"ஒன்பது கிலோ."

"நான் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தூக்கறேன்? என் ரத்தம்தானே, தூக்கிருவ."

ஒரு வாரம் கழித்து, மடத்தில் வெளுப்புத் துணியைக் கொடுக்கப் போன ஆவுரிஸ்தேலாவைத் தலைமை மதர் எஸ்கொலாஸ்திக்கா உள்ளே கூப்பிட்டிருக்கிறார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு அங்கே கிடைத்த முதல் காப்பி அது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? எனக்கு இங்கே உட்கார்ந்து சொல்வது சுலபம்.

அவள் வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினாள், கட்டி தட்டிப்போயிற்று. அவள் கஞ்சி கட்டி தட்டி நான் பார்த்ததே கிடையாது. இரண்டு நாள் கழித்து, மத்தியானம் பள்ளியிலிருந்து யாதீரா ஓடி வந்தாள். பையைக் கீழே போட்டாள்.

"லிஸ்ட் ஒட்டிட்டாங்க. தேசியக் கொடி மரியா ஆகஸ்டா."

"என்னது?" என்றேன். நான் அங்கே ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"என் பேரு எதுலயும் இல்ல ஞானம்மா. பக்கத்துல நடந்து வர்ற துணைக்குக்கூட இல்ல. கேட்டதுக்கு சிஸ்டர் சொல்றாங்க, 'உங்க அம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்களே, உனக்குத் தெரியாதா'ன்னு."

இரண்டு பேரும் ஆவுரிஸ்தேலாவைப் பார்த்தோம். அவள் இஸ்திரிப் பெட்டியை அடுப்பின் மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, நீ என்ன எழுதிக் குடுத்த?"

"நான் ஒண்ணும் எழுதலடி. அவங்க எழுதி வச்சிருந்தாங்க. நான் கையெழுத்துதான் போட்டேன்."

"எதுக்கு?"

"முதல் பெஞ்சுக்கு."

"என்ன முதல் பெஞ்சு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கொடி தூக்கற அன்னிக்குக் காலையில பூசை இருக்குல்ல? அதுல கொடிக்காரியோட அப்பனும் அம்மாவும் முதல் பெஞ்சுல உக்காந்து, முதல்ல போயி நன்மை அப்பம் வாங்கணுமாம். பிஷப் மேற்றிராணியாரோட ஆளே வந்து குடுப்பாராம். 'நீயும் வெலிங்டனும் கோயில்ல கல்யாணம் கட்டலயே ஆவுரிஸ்தேலா, அத்தனை பேரு முன்னால எப்படி வாங்குவ? வாங்காம உக்காந்திருந்தா உம் பிள்ளைக்குத்தானே அவமானம்?'னு கேட்டாங்க. 'அந்த மரியாதைய விட்டுக்குடுக்கறோம்னு ஒரு காகிதம் போட்டுட்டா யாரும் கேக்கமாட்டாங்க'ன்னாங்க. போட்டேன்."

"படிச்சுப் பாத்தியா?"

"மதர் குடுக்கறதப் படிச்சுப் பாத்தா, நம்பலன்னு ஆயிருமேடி!"

இதுதான். நான் தலையிலடித்துக்கொண்டேன், ஆனால் அவளைத் திட்ட வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் படித்திருக்க மாட்டேன். கன்னியாஸ்திரீ நீட்டின காகிதத்தை அவர் கண் முன்னாலேயே வரி வரியாகப் படிக்கிற துணிச்சல், சந்துக் கதவில் போய் வந்த எவளுக்கும் கிடையாது. அதை அவர்களும் அறிவார்கள்.

வெலிங்டனுக்குப் பதினெட்டு வயசில் சாந்தா எலேனா ஊர்க் கோயிலில் வைத்து ஒரு கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் மூன்றே மாசத்தில் வெனிசுவேலாவுக்குப் போனவள்தான், போனவள் போனவள்தான். கோயில் கணக்கில் அவள்தான் இன்னமும் பெண்டாட்டி, அதனால் இவர்கள் இரண்டு பேருக்கும் நன்மை கிடையாது. ஆவுரிஸ்தேலா பத்தொன்பது வருஷமாக அவனுக்குப் பொங்கிப்போட்டுப் பிள்ளை பெற்று வளர்த்தவள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள், நன்மைக்கு மட்டும் எழுந்திருக்க மாட்டாள், கடைசிப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். தொட்டால் கத்திவிடுகிற அந்த இடத்தில் பார்த்து விரலை வைத்திருக்கிறார் மதர்.

சாயந்திரம் வெலிங்டன் வந்தான். விஷயம் கேட்டதும் பலகை அதிரக் குதித்தான்.

"என்னைய வச்சு என் பிள்ளை கொடியப் பிடுங்குறாளா? அவ வாங்கற காணிக்கையில என் பழப்பெட்டிக் காசு இல்லியா? நான் கோயில்ல கட்டலன்னா எம் மகளுக்குக் கணக்கு வராதா, ரசாயனம் வராதா?"

"கத்தாத வெலிங்டன், தெருவே கேக்குது."

"கேக்கட்டும்! நீ எதுக்குடி போட்ட? உனக்கு என்னோட வாழறது அவ்வளவு வெக்கமா?"

"வெக்கம் உன்ன நினைச்சு இல்லடா பாவி. அந்தப் பெஞ்சுல உக்காந்து, எல்லாரும் எந்திரிச்சுப் போவும்போது நான் மட்டும் உக்காந்திருக்கணுமேன்னு..." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

யாதீரா அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னாள்: "நீ பெஞ்சைக் குடுக்கலம்மா. என் அஞ்சு வருஷத்தக் குடுத்துட்ட." அதற்குப் பிறகு அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள்.

மறுநாள் நானும் ஆவுரிஸ்தேலாவும் மடத்துக்குப் போனோம். தூறல். செப்டம்பரில் எங்கள் ஊரில் மழையும் பெய்யாது, வெயிலும் அடிக்காது, மூக்கு ஒழுகுகிற மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கும். இந்தத் தடவை நாற்காலியும் இல்லை, காப்பியும் இல்லை.

"மதர், நான் தெரியாம போட்டுட்டேன். அந்தக் காகிதத்தத் திருப்பித் தாங்க."

"அது கல்வித்துறைக்குப் போயாச்சே ஆவுரிஸ்தேலா."

"என்ன எழுதியிருந்தது அதுல?" என்று நான் கேட்டேன்.

மதர் என்னை அப்போதுதான் பார்த்தார். "உடல்நலம் கருதித் தங்கள் மகள் கொடி ஏந்தும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பெற்றோர் விருப்பத்துடன்..."

"உடல்நலமா? அவ நல்லா கல்லு மாதிரி இருக்காளே மதர்! பெஞ்சுன்னுதானே சொன்னீங்க?"

"எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்ததுதான். இதோ பாரம்மா, எங்களுக்கு வேறு வழி இருந்தது. முதல் மூன்று வருஷமும் அந்தப் பிள்ளை சாந்தா மார்த்தா ரிஜிஸ்டரில் இருக்கிறாள். அது வேறு பள்ளி என்று நாங்கள் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லி அவள் மனசைப் புண்படுத்த வேண்டாமே என்றுதான் இந்த வழி."

"வேற பள்ளியா? அதே சிஸ்டர்தானே பாடம் எடுத்தாங்க? அதே கேள்வித்தாள்தானே?"

"கதவு வேறு" என்றார் மதர். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னார். "இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கிறது. பிள்ளை நல்லபடியாக முடித்துப் போகட்டும். நீ அமைதியாக இரு."

கல்வித்துறை ஆபீசுக்கு வெலிங்டன் இரண்டு நாள் வேலையை விட்டுப் போய் நின்றான். அங்கிருந்த குமாஸ்தா காகிதத்தை எடுத்துக் காட்டி, "இது உன் சம்சாரம் கையெழுத்துதானே? அப்ப முடிஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு, விழாவுல பேரோட சராசரியையும் படிக்கணும்னு விதி இருக்கு. அதையாவது கேட்டுக்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அதை வெலிங்டன் வந்து கசப்போடு சொன்னான். ஆவுரிஸ்தேலா துணி பிழிந்தபடியே கேட்டுக்கொண்டாள்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் மடத்திலிருந்து அட்டைப் பெட்டி வந்தது. பெட்டிக்குள் கொடி. கெட்டிப் பட்டு, மஞ்சள், நீலம், சிவப்பு, நடுவில் கழுகும் மலையும் தங்க ஜரிகையில். எல்லா வருஷமும் அதைக் கழுவி இஸ்திரி போடுவது இவள்தான். இந்த வருஷமும் எந்தக் கூச்சமும் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள் என்பதை நினைத்தால், இவர்களுக்கெல்லாம் நெஞ்சு என்ற ஒன்று இருக்கிறதா என்றே எனக்குத் தோன்றியது.

"தூக்கி ஓடையில போடு" என்றான் வெலிங்டன்.

"துணி என்ன பாவம் செஞ்சுது?"

"அப்ப நீ இதையும் தேச்சுக் குடுப்ப? உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?"

ஆவுரிஸ்தேலா லாரித் தண்ணீரில் இரண்டு வாளியைத் தனியாக எடுத்து வைத்தாள். ஜரிகையைத் தொடாமல் ஓரம் ஓரமாக அலசினாள், பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்தாள். தூறலில் காயவில்லை. வீட்டுக்குள் குறுக்கே கயிறு கட்டி இரண்டு நாள் போட்டிருந்தாள். சாப்பிடுகிற மேஜைக்கு மேலேயே கொடி தொங்கியது. யாதீரா அதற்கடியில் குனிந்து, வறுத்த வாழைக்காயும் பாலாடைக் கட்டியும் தின்றுவிட்டு எழுந்து போவாள். மூன்றாம் நாள் ஆவுரிஸ்தேலா மெல்லிய துணியை மேலே விரித்து, இஸ்திரிப் பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்துப் பார்த்து, முழு மத்தியானமும் தேய்த்தாள்.

"நாளைக்கு ஏழு மணிக்குச் சந்துக் கதவுல குடுக்கணும்ல?" என்று கேட்டேன்.

"ஆமா. நான் எட்டு மணிக்குப் போறேன்" என்றாள். "நீயும் வா."

எட்டு மணிக்குப் பள்ளி முற்றம் நிறைந்து வழிந்தது. பூசை முடிந்திருந்தது. எஸ்கூதெரோ குடும்பம் முன்வரிசையில். மேடையில் மதர், மேற்றிராணியாரின் பிரதிநிதி, கல்வித்துறை அதிகாரி ஒருவர். கொடி இல்லாமல் விழாவை ஆரம்பிக்க முடியவில்லை. எங்களைத் தேடி டாக்சியில் ஒரு சிஸ்டரை அனுப்பியிருக்கிறார்கள், நாங்கள் பஸ்ஸில் வந்துவிட்டோம். பெட்டியைப் பார்த்ததும் காவல்காரன் வழி விட்டான். ஆவுரிஸ்தேலா நேராக முற்றத்தின் நடுவே நடந்தாள். வெளுத்த சட்டை, கையில் பெட்டி. பாண்டு வாத்தியக்காரர்கள் ஒதுங்கினார்கள். மதரே படியிறங்கி வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"கொடு ஆவுரிஸ்தேலா. நேரமாயிற்று."

"தர்றேன் மதர். மார்க்கைப் படிங்க, தர்றேன்."

"என்ன?"

"விதி இருக்காமே. பேரோட சராசரியையும் படிக்கணுமாமே. முதல் மார்க்குல இருந்து படிங்க."

"இப்போது பேச வேண்டிய விஷயமில்லை இது" என்று மதர் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "உன் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷம் இங்கே இருக்கிறது."

"தெரியும். உங்க துணி நாளையில இருந்து எனக்கு வராதுன்னும் தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நானும் எம் மகளோட அப்பனும் கோயில்ல கட்டலன்னு சொல்லி என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க. கட்டல. அது என் பாவம், நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கறேன். மார்க்கு எம் மகளோடது. அதைப் படிங்க."

பின்வரிசையில் நாலு மடிப்புப் பாவாடை ஒன்று, "படிங்க மதர்!" என்றது. யாரென்று தெரியவில்லை. இன்னொரு பக்கத்திலிருந்தும் அதே குரல். யாரோ ஒரு அப்பா விசில் அடித்தார். மேடையில் இருந்த கல்வித்துறை அதிகாரி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "விதிப்படி படிச்சுரலாமே மதர்" என்று மைக்குக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

படித்தார். வேறு என்ன செய்வார்? "கிமி தொமாலா யாதீரா. பத்தொன்பது புள்ளி எட்டு ஏழு. பெற்றோர் வேண்டுகோளின்படி உரிமையை விட்டுக்கொடுத்தவர். எஸ்கூதெரோ மரியா ஆகஸ்டா. பத்தொன்பது புள்ளி எட்டு நாலு." அந்த 'எட்டு ஏழு' ஒலிபெருக்கியில் சுவருக்குச் சுவர் மோதிப் பெரிய தெரு வரைக்கும் போயிற்று. சாம்பல் பாவாடைகள் கைதட்டின. முன்வரிசையில் இறால் பண்ணைக்காரர் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார்.

ஆவுரிஸ்தேலா சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் பெட்டியை மதர் கையில் கொடுக்கவில்லை. தானே திறந்து, கொடியைக் கம்பில் கோத்து, மரியா ஆகஸ்டாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் கண்ணீர்.

"சத்தியமா எனக்குத் தெரியாது ஆன்ட்டி" என்றாள்.

"அழாதம்மா. உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு கையாலயும் பிடி, கனக்கும். பட்டு தரையில படக் கூடாது."

அப்புறம் சத்தியப்பிரமாணம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, ஒரு முழங்காலை ஊன்றி, கொடியின் ஓரத்தை முத்தமிட்டு, "ஆம், சத்தியம் செய்கிறேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் மதர் பெயர் படித்துக்கொண்டு நின்றார். கிமி என்ற பெயரையும் படித்தார். யாதீரா வரிசையை விட்டு வரும்போதே தலையைத் திருப்பி, என் பக்கத்தில் நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தாள். ஆவுரிஸ்தேலா என் கையை இறுக்கிப் பிடித்தாள், எலும்பு நொறுங்கும்போல வலித்தது.

யாதீரா முழங்காலிட்டாள். தன் அம்மா தேய்த்த பட்டை முத்தமிட்டாள். எழுந்தாள். மைக்கின் முன்னால் நின்று மதரை நேராகப் பார்த்தாள்.

"ஆம், சத்தியம் செய்கிறேன்" என்றாள். நகரவில்லை. "கொடிக்கு மட்டும்தான் மதர். உங்களுக்கு இல்ல."